சிப்பி பிடித்த கால்

கடலைக் காட்டுகிறேன் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்களைக் கடலில் இறங்க வைக்கப் படாத பாடு படுவதுதான் எங்கள் தொழில்.

கற்பிட்டியில் இருந்து படகில் போனால், கரை கண்ணுக்கு மறையும் நேரத்தில் பவளப்பாறை வரும். முகத்தில் கண்ணாடியை மாட்டி, மூச்சுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு மிதந்தால் போதும். கீழே மீன்கள், பவளங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் பாறைக்குள் புதைந்தபடி வாய் திறந்து கிடக்கும் பெரிய சிப்பி. அதன் உதடு நீலமும் பச்சையுமாக மினுங்கும். வெளிநாட்டுக்காரர் அதைக் கண்டால் குழாய்க்குள்ளேயே கத்துவார்கள். நம் ஆட்கள் மட்டும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: காலைப் பிடிக்குமா?

பிடிக்காது. பதினான்கு வருடமாகச் சொல்கிறேன். வேறு கடல்களில் இடுப்பு உயரச் சிப்பி இருக்கிறதாம். அதுகூட யாரையும் பிடித்து வைத்ததாக உறுதியான கதை இல்லை. எங்கள் பாறையில் உள்ளது முழங்கை நீளம்கூட வராது. திறந்த வாய் முழுக்க அதன் சதைதான் நிறைந்திருக்கும், உங்கள் காலுக்கு அங்கே இடமே இல்லை. சொன்னதையே சொல்லித் தொண்டை வற்றும் தொழில் செய்கிறவர்கள், வாத்தியார்மார், தடுப்பூசி போடும் மிஸ்மார், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்தும் பஸ் கொண்டக்டர்மார் இதை வாசித்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

சப்பாத்தோடு வந்தவர்

குருநாகல் பக்கம் இருந்து ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. கணவர் அரசாங்க உத்தியோகத்தர். நன்றாகத் தமிழ் பேசினார். வயலுக்குப் போடும், முழங்கால் வரை வரும் கறுப்பு றப்பர் சப்பாத்தோடு படகில் ஏறினார். நான் மழைக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பாறைக்குப் போய் நங்கூரம் போட்ட பிறகுதான் விசயம் வெளியே வந்தது. சிப்பி கடித்தாலும் சப்பாத்தைத்தான் கடிக்கும், காலை உருவிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

அந்தச் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தால் சிப்பியே தேவையில்லை, தானாகக் கீழே போவீர்கள் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கழற்ற மாட்டேன் என்றார். அதற்குள் அவருடைய மனைவி சத்தமில்லாமல் இறங்கி, இரண்டு சிப்பி பார்த்துவிட்டு, திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கணவரை ஒருமுறை, சப்பாத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவரை விடுங்க தம்பி, வீட்டில கரப்பான் வந்தாலும் இதைத்தான் போடுவார்."

முத்துக் கேட்ட ஹாஜியார்

தில்லையடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் தனியாகப் படகு பேசிக்கொண்டு வந்தார். கடைசி மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். பெரிய சிப்பிக்குள் தேங்காய் அளவு முத்து இருக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மகளுக்கு ஊரில் யாரும் கொடுக்காத ஒன்றைக் கொடுக்க ஆசை. சாக்கும் உளியும் கொண்டு வந்திருந்தார், பாவம்.

முத்து அபூர்வமாக வரும், வந்தாலும் மினுங்காது, பீங்கான் துண்டு மாதிரிக் கிடக்கும் என்று சொன்னேன். இங்கே உளியை எடுத்தால் வனஜீவராசித் திணைக்களக்காரர் எங்கள் இரண்டு பேரையும் நிக்காஹ்வுக்கு வர விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். வந்ததற்குப் பார்த்துவிட்டாவது போகிறேன் என்று இறங்கினார். ஒரு சிப்பிக்கு மேலே அசையாமல் மிதந்தார். ஏறி வந்ததும், இதற்கு எத்தனை வயசு என்று கேட்டார். இந்த அளவுக்கு வளர இருபது, இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கும், பிறந்ததில் இருந்து இதே இடம்தான் என்றேன். உளியைச் சாக்குக்குள் போட்டு, சாக்கைச் சுருட்டிக் காலுக்குக் கீழே வைத்தார். இறங்கும்போது தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "என்ட மகளுக்கும் இருபத்திநாலு, மகன். ஒண்டப் புடுங்கி அனுப்புறதே எனக்குத் தாங்கல்ல, இன்னொண்டு வேணாம்."

கரைத்தீவு டீச்சர்

கரைத்தீவில் இருந்து பாலர் பாடசாலை டீச்சர்மார் ஆறு பேர் விடுமுறைக்கு வந்தார்கள். ஐந்து பேர் வரும் வழியெல்லாம் சிரிப்பும் பாட்டும். ஆறாவது டீச்சர் மட்டும் படகின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். தொண்ணூறில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரில் இருந்து உம்மாவின் இடுப்பில் இருந்தபடி படகில் வந்தவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு அவர் கடலில் காலே வைத்ததில்லையாம்.

முதலில் இறங்கியது அவர்தான். லைஃப் ஜாக்கெட்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். எங்கள் நிழல் மேலே விழுந்ததும் சிப்பி சடக்கென்று உதட்டை உள்ளே இழுத்து ஓட்டை மூடியது. அவருடைய பிடி இறுகியது. இதோ, இப்போது கத்தப் போகிறார், ஐந்து பேரும் இனி இறங்க மாட்டார்கள், என் பிழைப்பு போச்சு என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கி, குழாயை வாயில் இருந்து எடுத்தார். படகில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், புடிக்க வந்திச்சா?" என்று கத்தினார்கள். அவர் சொன்னார்: "அது எங்களப் புடிக்க மூடல்ல, எங்களக் கண்டு பயந்து கதவச் சாத்துது."

மாமாவின் கதை

இனிச் சொல்லப்போவது படகில் நடந்தது அல்ல, வீட்டில் நடந்தது. என் தங்கச்சி ரிஹானாவின் மாமனார் உதுமான் மாமா. ஒரு காலத்தில் சங்கும் கடலட்டையும் எடுக்க முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கிய சுழியோடி. இருபது வருடமாக இரண்டு கால்களும் வேலை செய்யாது. சில்லுப் பூட்டிய கதிரையில்தான் இருப்பு. யார் கேட்டாலும் கதை ஒன்றுதான்: பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் பெரிய சிப்பி காலைக் கவ்வியது, இழுத்து விடுவித்துக்கொண்டு வந்தார், அதோடு கால் செத்துவிட்டது. கேட்கிறவர்கள் மயிர் கூச்செறிந்து போவார்கள்.

ஊரெல்லாம் சிப்பி பிடிக்காது என்று சொல்லும் நான், அந்த வீட்டுக்குப் போனால் தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். எனக்குத் தெரியாமல் இல்லை. வழிகாட்டிகளுக்கான வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆழத்தில் நெடுநேரம் சிலிண்டர்க் காற்றைச் சுவாசித்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், கால் இப்படித்தான் மரத்துப் போகும். அந்தப் பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதருக்குக் கால் போய், தொழில் போய், மிச்சம் இருந்தது அந்தக் கதைதான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "என்ன ஜெஸீம், வெள்ளக்காரனுக்கு வேற கதை சொல்றியாமே?"

மேலே வந்த வேகம்

அவருடைய மகன் நிஸ்தார், என் மச்சான். உப்பளத்தில் வேலை செய்தான். அது சரிவராமல் போகவே வாப்பாவின் தொழிலுக்கே வந்தான். கடலட்டைக்காக ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து சிலிண்டர் இறங்குவான். ரிஹானா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை.

ஒருநாள் எனக்குப் பயணிகள் இல்லை. அவனுடைய படகில் சும்மா போனேன். அவன் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, இடுப்பு வரை வெளியே தெரியும் வேகத்தில் மேலே வந்து விழுந்தான். முகம் வெளுத்திருந்தது. சுறாவோ என்று கேட்டேன். இல்லையாம். கல்லுக்குப் பக்கத்தில் அட்டையை எடுக்கக் குனிந்தபோது, கால் மாட்டில் பெரிய சிப்பி ஒன்று அசைந்ததாம். இப்படி அடிக்கடி நடக்குமா என்றேன். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் என்றான். மெதுவாக வரவேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். அவன் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "தெரியும் மச்சான், ஆனா வாப்பாட கால் ஞாவகம் வந்தா என்ட கால் நிக்குதில்ல."

டொக்டரின் கேள்வி

அடுத்த நாட்களும் அவன் இறங்கினான். மூன்றாம் நாள் பின்னேரம் ரிஹானா கோல் எடுத்தாள். நிஸ்தாருக்கு முழங்கை தாங்க முடியாத வலி, விரல்களில் எறும்பு ஊர்கிறதாம். சித்தாலேப தைலம் தடவி, துணியால் கட்டி வைத்திருந்தாள். நான் முச்சக்கரவண்டியைக் கொண்டு போய் வாசலில் நிறுத்தி, அவன் சறத்தை மாற்றுவதற்குக்கூட விடாமல் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் நுரை எப்படிக் கிளம்புகிறதோ, வேகமாக மேலே வரும்போது இரத்தத்துக்குள்ளும் அப்படித்தான். இந்த முறை முழங்கையோடு போனது. அடுத்த முறை முதுகுத்தண்டில் பிடித்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ரிஹானா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவளுடைய வீட்டில் அந்தக் கதிரை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. "ஏன் இவ்வளவு கெதியா வந்தீங்க?" என்று டொக்டர் கேட்டார். நிஸ்தார் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்: "நான் கெதியா வரல்ல டொக்டர், பயந்து வந்தேன்."

மாமா சொன்னது

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து நேரே மாமாவிடம் போனேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாமா, உங்கள் காலைச் சிப்பி பிடிக்கவில்லை. எப்படிச் சொன்னாலும் அது ஒரு வயதானவரின் முகத்தில் அடிப்பது போலத்தான் இருந்தது. போய் முன்னால் இருந்ததும், மகனுக்கு எப்படி என்று கேட்டார். வலி குறைந்திருக்கிறது, வேகமாக மேலே வந்ததால் வந்த வருத்தமாம் என்றேன். சிப்பி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமா இரண்டு கைகளாலும் தன் முழங்கால்களைத் தடவினார். பிறகு, "எனக்கும் அதத்தான் சொன்னாங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "நான் ஒரு சிப்பியையும் மிதிக்கல்ல. படகுல இருந்து நானே எறங்கி நடந்து வந்தேன். தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பப் பாத்தேன், கால் வரல்ல." அப்படியானால் ஏன் மாமா சிப்பி என்றீர்கள்? அவர் சொன்னார். ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, பதினாறு வயது நிஸ்தார் அவருடைய முகக் கண்ணாடியைக் கழுவித் துடைத்துக் கொடியில் தொங்கவிட்டிருந்தானாம். அவசரப்பட்டதால் வந்த வருத்தம் என்று சொன்னால், நான் மெதுவாக, ஆறுதலாக மேலே வருகிறேன் வாப்பா என்று கடலுக்குக் கிளம்பிவிடுவான். சிப்பி என்றால் பயப்படுவான். மகனைக் கடலில் இறங்கவிடாமல் தடுக்க, எழும்ப முடியாத ஒரு தகப்பனின் கையில் இருந்தது அந்த ஒரு பொய்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடலுக்குப் போகாம இருக்கட்டும்ண்டு பயத்தக் குடுத்தேன், அவன் பயத்தையும் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்ட்டான்."

கயிறு

நிஸ்தார் வீட்டுக்கு வந்ததும் மாமாவே சொன்னார். ரிஹானாவையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மகன் கட்டிப்பிடித்து அழுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் எழும்பி வெளியே போனான். இரண்டு நாள் வாப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். மூன்றாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான். "அப்ப எப்புடி வரணும்?" என்று கேட்டான்.

மாமா கயிறு கேட்டார். டொக்டர் எழுதித் தந்த ஆழங்களைப் பார்த்து அதில் மூன்று முடிச்சுப் போட்டார். மேலே வரும்போது ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, தொழுகைக்குப் பிறகு ஓதும் தஸ்பீஹை முழுதாக ஓதி முடித்த பின்தான் கையை விடவேண்டும். சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று, அல்ஹம்துலில்லாஹ் முப்பத்து மூன்று, அல்லாஹு அக்பர் முப்பத்து நான்கு. மணிக்கூட்டை வைத்து அளந்து பார்த்தேன். ஆறுதலாக ஓதினால் டொக்டர் சொன்ன நேரத்துக்குக் குறையவில்லை. தண்ணீர் போகாத மணிக்கூடு நானே வாங்கித் தருகிறேனே மாமா என்றேன். மாமா சிரித்தார்: "பயந்தவனுக்கு ஒரு நிமிசம் அஞ்சு நிமிசமாத் தெரியும் ஜெஸீம், ஓதினா முடிக்காம வர ஏலாது."

முடிச்சு

ஒரு மாதம் கழித்து, இனி இறங்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்கு மேல் கூடாது என்று டொக்டர் சொன்னார். முதல் நாள் நானும் வருவேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். இருபது வருடமாகக் கடலை ரோட்டில் இருந்தே பார்த்தவர். நானும் நிஸ்தாரும் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அவரைத் தூக்கிக்கொண்டு போய் என் படகில் வைத்தோம். லைஃப் ஜாக்கெட் போடமாட்டேன், நான் சுழியோடி என்றார். பயணிகளோடு பட்ட பாடு அவரோடும் பட்டு, ஒருவழியாகப் போட வைத்தேன்.

நிஸ்தார் பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்கினான். தண்ணீருக்குள் இறக்கிய கயிற்றின் மேல் நுனியை மாமா தன் கையில் சுற்றிக்கொண்டார். நேரம் போனது. கயிறு ஒருமுறை இறுகியது, முதல் முடிச்சைப் பிடித்துவிட்டான். மாமா விரல் மடித்து ஓதத் தொடங்கினார். இரண்டாவது முடிச்சு. மறுபடி ஓதினார். கடைசி முடிச்சில் கயிறு இறுகியபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மாமா முழுதாக ஓதி முடித்தார். நிஸ்தார் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தோம். வரவில்லை. நான் முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயத் தயாரானேன். மாமா என் கையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. கயிற்றை எனக்குக் காட்டினார். அது இறுக்கமாக, ஆடாமல் நின்றது. குமிழிகளும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

தலை தெரிந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை, சத்தம் இல்லை. நிஸ்தார் படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வாப்பாவைப் பார்த்தான். "சிப்பியக் கண்டியா?" என்று மாமா கேட்டார். "கண்டேன். அது அதுட பாட்டுல இருந்திச்சு." "அப்ப என்னத்துக்குடா இவ்வளவு நேரம்? கணக்கு மறந்து போச்சா?" மாமா கயிற்றைக் கையில் இருந்து அவிழ்த்துக்கொண்டே கேட்டார். நிஸ்தார் ஈரக் கையை நீட்டி, கதிரைக்குக் கீழே அசையாமல் கிடந்த வாப்பாவின் பாதத்தைப் பிடித்தான்: "மறக்கல்ல வாப்பா, கடைசி முடிச்சில ரெண்டு தரம் ஓதினேன், அண்டைக்கு நீங்க ஓதாம வந்ததையும் சேத்து."

சிப்பி காலைப் பிடிக்காது என்று பதினான்கு வருடமாக ஊருக்குச் சொல்லிச் சம்பாதித்தவன் நான். சொல்லியே ஆகவேண்டிய ஒரே வீட்டில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தவனும் நான்தான்.